சங்கு ஊதிய நகரம்

வாரத்தில் ஒரு நாளேனும் நான் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறித் திருவொற்றியூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறேன். 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் விம்கோ நகர் வரை நீண்டது. முன்பு பேருந்தில் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து கழித்த நேரம் இப்போது எனக்கு மிச்சமாகிறது. தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் வண்டி நிலத்தடியிலிருந்து மேலே ஏறுகிறது. ஒலிபெருக்கி நிலையங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே வருகிறது. அந்தப் பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டால், யாரும் திட்டமிடாமலேயே சென்னையின் தொழில் வரலாறு அங்கே வரிசையாகச் சொல்லப்படுவது புரியும். வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்திய கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம். காலடிப்பேட்டைக்கும் எவருடைய காலடிக்கும் தொடர்பில்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக உருவாக்கிய குடியிருப்பு என்பதால் காலட்பேட்டை என்று வழங்கி, மக்கள் நாவில் காலடிப்பேட்டையாக மாறியது. தடத்தின் கோடியில் இருக்கும் விம்கோ நகர், தீப்பெட்டி செய்த ஒரு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சென்னையின் வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையிலிருந்து தொடங்கி, மயிலாப்பூர் கோயில் வழியாகச் சங்கீத சபாக்களுக்கும் திரைப்பட நிலையங்களுக்கும் சென்று, மெரினா கடற்கரையில் முடிக்கிறார்கள். அந்த வரலாற்றில் பொய் ஏதுமில்லை. ஆனால், பெரம்பூரில் பிறந்து, மில் தொழிலாளியின் பேரனாகவும் ரயில் பெட்டித் தொழிலாளியின் மகனாகவும் வளர்ந்த எனக்கு அது எப்போதும் பாதி வரலாறாகவே படும். இந்த நகரம் உழைப்பாளிகள் கூடியதால் உண்டானது. இங்கே கோட்டை கட்டப்பட்டதே துணிக்காகத்தான்.

1639 ஆகஸ்டில் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் ஒரு துண்டு நிலத்துக்கு அனுமதி பெற்றபோது, கப்பல் வணிகனுக்கு வேண்டிய எதுவும் இங்கே இருக்கவில்லை. துறைமுகம் கிடையாது. கப்பல் நுழையும் ஆழமுள்ள ஆறும் கிடையாது. கரையில் அலை ஓயாமல் மோதும். கப்பல்கள் வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில்தான் சரக்கும் மனிதரும் கரை சேர வேண்டும். அப்படியிருந்தும் டே இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். நல்ல துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவாக இங்கே கிடைக்கும் என்று அவர் தம் மேலிடத்துக்குச் சொன்ன காரணத்தில் இந்த நகரத்தின் பிறப்பு ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சுற்றுவட்டக் கிராமங்களில் நெசவாளர்கள் இருந்தார்கள். சாயவேரைக் கொண்டு மங்காத சிவப்பேற்றத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். துணியில் சித்திரம் தீட்டுகிறவர்கள் இருந்தார்கள். கோட்டை வந்ததற்குக் காரணம் அவர்களுடைய கைத்திறன்.

அதற்குப் பிறகு சுமார் 100 ஆண்டுகளுக்குக் கம்பெனியின் ஆளுநர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, துணித் தொழிலாளர்களை இங்கே வரவழைத்துக் குடியமர்த்துவது. நூல் நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர், சாயமிடுபவர் ஆகிய அனைவரும் கூப்பிடு தொலைவில் இருந்தால்தான் கப்பல் புறப்படும் பருவத்துக்குள் சரக்கு தயாராகும். 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் ஆற்றின் வளைவில் இருந்த ஒரு தோட்டத்தில் நெசவாளர்களுக்கென்றே ஒரு பேட்டை அமைக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். இன்று அங்கே மீன் சந்தையும் பழைய வாகன உதிரிபாகக் கடைகளும்தான் கண்ணில் படுகின்றன. தறிச் சத்தம் கேட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

இந்தத் துணிகள் இங்கிலாந்தில் எவ்வளவு விரும்பப்பட்டன என்பதற்கு அந்நாட்டுச் சட்டங்களே சாட்சி. 1700இலும் 1721இலும் இந்தியத் துணிகளின் இறக்குமதியையும் உடுத்தலையும் கட்டுப்படுத்தி அங்கே சட்டம் இயற்றினார்கள். உள்ளூர் நெசவாளர்களால் போட்டி போட முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. லங்காஷயர் மில்களின் துணி கப்பல் கப்பலாக இதே கரையில் வந்து இறங்கியது. காலடிப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. துணியை ஏற்றுமதி செய்வதற்காகவே பிறந்த ஊர் துணியை இறக்குமதி செய்யும் ஊரானது. இந்த ஊரின் கதையில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த இடம்தான். போர்களையும் முற்றுகைகளையும் தேதி வாரியாக எழுதி வைத்த நாம், இந்தத் தறிகள் ஓய்ந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

இடையில் வேறு தொழில்களும் முளைத்தன. 1788இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரியின் பெயர் பாரிமுனையில் நிலைத்தது. 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டிகளைக் கட்டி, பின்னர் ரயில் பெட்டிகளும் மோட்டார் வண்டிக் கூடுகளும் செய்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அதே காலத்தில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை எழுந்தது. அதுவரை வயலும் ஏரியுமாகக் கிடந்த பெரம்பூருக்கு இரும்பு வந்து சேர்ந்தது அப்போதுதான். 1898இல் எழும்பூர் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்கத் தொடங்கினார். இன்று எல்லார் வீட்டிலும் கிடக்கும் அலுமினியக் குண்டானின் இந்திய வரலாறு அங்கே தொடங்குகிறது. குரோம்பேட்டையின் பெயர் குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று சொன்னால் அங்கே குடியிருப்பவர்களே வியப்படைகிறார்கள்.

துறைமுகத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். வட சென்னையின் தலையெழுத்தை மாற்றியது அதுதான். 1861இல் கடலுக்குள் நீளும் ஓர் இரும்புப் பாலத்தை அமைத்தார்கள். அது போதாமல் 1870களின் நடுவில், திறந்த கடலில் இரண்டு கல் சுவர்களை நீட்டி நடுவே கப்பல்களை நிறுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல், முடியும் தறுவாயில் இருந்த சுவர்களைப் பெயர்த்து எறிந்தது. மறுபடி கட்டினார்கள். கிழக்கு நோக்கி வைத்த வாயில் வழியாக அலையும் மணலும் உள்ளே வந்ததால், 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறக்கச் செய்தார். அதன் பிறகுதான் சென்னை உண்மையான துறைமுகம் ஆயிற்று.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே ஒரு கல் சுவர் வந்தவுடன் மணல் அதன் தெற்குப் பக்கம் தேங்கியது. முன்பு கோட்டையின் அருகே வந்து மோதிய கடல் பின்வாங்கியது. நாம் பெருமைப்படும் மெரினாவின் அகலம் இப்படி உண்டானது. சுவருக்கு வடக்கே, வர வேண்டிய மணல் வராமல், கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று மீனவக் குப்பங்களின் தெருக்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. அத்தையின் மாமியார் தம் பிறந்த வீட்டைக் காட்டச் சொன்னால் கடலில் அலை உடையும் இடத்தை நோக்கிக் கை நீட்டுவாராம். நகரத்தின் தெற்குப் பக்கம் உலாவும் மணலும் வடக்குப் பக்கம் இழந்த மணலும் ஒன்றே என்பதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாவது சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது என் தாத்தாவின் மில்லுக்கு வருகிறேன்.

பின்னி நிறுவனம் பெரம்பூரை ஒட்டிப் பக்கிங்ஹாம் மில்லை 1870களின் பிற்பகுதியிலும், அதையடுத்து 1880களின் தொடக்கத்தில் கர்நாடிக் மில்லையும் நிறுவியது. 1920இல் இரண்டும் இணைந்து பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக் மில்ஸ் ஆயின. ஆவணங்களில் பெயர் எப்படியிருந்தாலும், எங்கள் பக்கத்தில் அது பி அண்டு சி மில், அல்லது வெறும் பின்னி மில். வெளுத்தாலும் சாயம் போகாத அதன் காக்கித் துணி இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. இரண்டு உலகப் போர்களிலும் படைவீரர்கள் உடுத்திய சீருடைகளில் கணிசமான பகுதி பெரம்பூர்த் தறிகளில் நெய்யப்பட்டது. தாத்தாவின் தகரப் பெட்டியில் இன்றும் அந்தக் காக்கியில் ஒரு முழத் துண்டு இருக்கிறது. விரலால் நெருடிப் பார்த்தால் அதன் சரிவான நெசவு வரிகள் தட்டுப்படும். கூடவே ஒரு பித்தளை வில்லை. அதில் தாத்தாவின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். காலையில் கேட்டில் அதைக் காட்டி உள்ளே போனவர், மாலையில் அதைக் காட்டித்தான் வெளியே வருவார்.

தாத்தா நெசவுப் பிரிவில் இருந்தார். நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடும்போது அருகில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆகவே அங்கே வேலை செய்தவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகினார்கள். ஓய்வுபெற்ற பிறகும் தாத்தா எங்கள் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டுதான் பேச்சைக் கேட்பார். அவர் குரல் எப்போதும் ஓங்கியே இருக்கும். கோபித்துக்கொள்கிறார் என்று நான் சிறுவயதில் பயந்ததுண்டு. “காது மில்லுக்குப் போச்சு, கையி மட்டும் வீட்டுக்கு வந்துச்சு” என்று ஆயா சொல்வார். அந்தக் கை, பாவில் ஒரு இழை அறுந்தால் கண் இமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே வேட்டியின் ஓரத்தில் பிரிந்த நூலை அவர் விரல்கள் தாமாகவே முடிந்துவிடும்.

மில்லின் சங்கு ஊதும்போது பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் ஒன்றாக விழிக்கும். வீட்டில் கடிகாரம் இல்லாத காலத்தில் அடுப்பு மூட்டுவதும் பிள்ளைகளை எழுப்புவதும் அந்தச் சங்கைக் கொண்டுதான். ஆனால் அதே சங்கு கொடுமையாகவும் இருந்தது. 1918இல் இங்கே நாள் வேலை விடியற்காலை தொடங்கிப் பொழுது சாயும் வரை நீண்டது. நடுவே உணவுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் கூட்டத்தோடு வெளியே வந்து, கை கழுவி, உண்டு, மறுபடி கேட்டுக்குள் நுழைய வேண்டும். தாமதித்தால் கூலி வெட்டு. பசியாறவும் நேரம் போதாத இந்த வாழ்க்கைதான் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கம்.

பெரம்பூரில் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு பக்தி சபை இருந்தது. கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதை நடத்தினார்கள். சமயச் சொற்பொழிவு கேட்க வந்த மில் தொழிலாளர்கள் தங்கள் துன்பங்களையும் அங்கேயே பேசலானார்கள். அவர்கள் இருவரும் அன்னிபெசன்ட் அம்மையாரோடு பணியாற்றிய பி.பி. வாடியாவை நாடிச் சென்றார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே. வாடியா தலைவர், திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களில் ஒருவர். தமிழ்நடைக்குப் புது இரத்தம் பாய்ச்சியவர் என்று நாம் அறிந்த திரு.வி.க., அந்நடையை மெருகேற்றிய களங்களில் மில் வாசற்கூட்டங்களும் உண்டு என்பதை இலக்கிய மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. படிப்பில்லாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆங்கிலம் கலக்காமல் பொருளாதாரம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. வாடியா ஆங்கிலத்தில் பேச, அதைத் தமிழில் பெயர்த்துச் சொல்லவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

நிர்வாகம் வாடியா மீதும் சங்கத்தினர் மீதும் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. சங்கம் வைப்பதே குற்றம் போலாகிவிட்ட அந்த நிலை நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது; 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்று இந்தியாவின் எந்த மூலையில் ஒருவர் சங்கம் பதிவு செய்தாலும் அதன் பின்னால் பெரம்பூர் இருக்கிறது.

1921ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தை நான் பெருமையோடு மட்டும் சொல்ல முடியாது. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தின் நடுவே, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சங்கத்தின் பக்கம் நின்று எழுதியவர்கள் திரும்பிப் போனவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களாகச் சித்திரித்தார்கள். ஆறு மாதம் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்கக் கடன் கொடுப்பவரும், நகையும், ஊரில் நிலமும் யாருக்கு இருந்தன, யாருக்கு இல்லை என்று கேட்டால் கதை வேறாகத் தெரியும். ஒரே தறியில் நின்றவர்கள் ஒரே தெருவில் குடியிருக்க முடியாத ஊரில், சங்கம் மட்டும் அந்தப் பிளவை எப்படித் தாண்டியிருக்கும்? என் தாத்தாவின் தகப்பனார் வேலைநிறுத்தத்தில் கடைசி வரை நின்றவர். அந்த உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் எரிந்த குடிசைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, பேசியிருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1923 மே 1ஆம் தேதி, சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டத்தை நடத்தினார். மீனவர் குடும்பத்திலிருந்து வந்து வழக்கறிஞரானவர் அவர். மெரினாவில் பாறையைப் புரட்டும் நால்வரின் உருவம் கொண்ட உழைப்பாளர் சிலை 1959இல் வைக்கப்பட்டது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம். அந்தச் சிலையின் முன் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் அதன் முதுகுப் பக்கமும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். தோள்பட்டையிலும் குதிகாலிலும் அந்தச் சிற்பி வைத்திருக்கும் இறுக்கத்தை, பாரம் தூக்குகிறவர்களை நெடுநேரம் பார்த்த ஒருவரால்தான் வைத்திருக்க முடியும்.

விடுதலைக்குப் பிறகு நகரம் துணியிலிருந்து இரும்புக்கு மாறியது. எங்கள் குடும்பமும் கூடவே மாறியது. 1955 அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூரில் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் என் அப்பா பிற்காலத்தில் வெல்டராகச் சேர்ந்தார். அதற்கு முன் ஓடிய மரப்பெட்டிகள் விபத்தில் நொறுங்கித் தீப்பற்றும். சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் இங்கே செய்த பெட்டியில் அடிச்சட்டமும் சுவரும் கூரையும் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டு, மோதலின் வேகத்தை முழுப் பெட்டியும் பகிர்ந்துகொள்ளும். அதனால்தான் அதற்கு இன்டக்ரல் கோச் என்று பெயர். அப்பாவின் சட்டைக் கைகளில் எல்லாம் மிளகு அளவு தீப்பொறி ஓட்டைகள் இருக்கும். அம்மா அவற்றை அடைப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். அந்தத் தொழிற்சாலை இதுவரை 70,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்து அனுப்பியிருக்கிறது. 2018இல் வந்தே பாரத் ரயிலின் முதல் தொடரும் அங்கேதான் உருவானது.

அந்த ஆண்டுகளில் நகரத்தின் வட, மேற்கு எல்லைகளில் நடந்தவற்றை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கினார், எம்.ஆர்.எஃப். டயரின் வேர் அந்தக் கொட்டகை. 1948இல் தொடங்கி எண்ணூரில் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாகி லாரிக்கும் பேருந்துக்கும் மாறியது. அதே 1955இல் புல்லட் மோட்டார் சைக்கிள் சென்னைக்கு வந்தது. இங்கிலாந்தில் அதைப் பெற்ற நிறுவனம் 1970 வாக்கில் மறைந்த பின்னும் திருவொற்றியூரில் அது நிற்காமல் தயாரானது. அம்பத்தூரில் சைக்கிள், பாடியில் பிரேக்கும் சக்கரமும் மோட்டார் மின்பாகங்களும், செம்பியத்தில் டீசல் எஞ்சினும் டிராக்டரும், ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கி, மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. காமராசர் ஆட்சியில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது, 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. சொந்தமாக நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பப் பணமில்லாத ஒருவர், ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு லேத் வைத்து முதலாளி ஆகலாம் என்ற நிலையை அது உருவாக்கியது. பின்னர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அதை இன்னும் பெரிய அளவில் செய்தது.

மோட்டார் தொழில் இங்கே வேரூன்றியதற்கு அதிர்ஷ்டம் காரணமல்ல. வெளிநாட்டிலிருந்து பாகங்களை இறக்கி வெறுமனே பூட்டி விற்பவர்கள் வெளியேற வேண்டும், படிப்படியாக இங்கேயே பாகங்களைச் செய்கிறவர்கள்தான் நீடிக்கலாம் என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுத்தது. பாகம் செய்யத் தெரிந்த கைகள் சென்னையில் ஏற்கெனவே இருந்தன. 1856 முதல் ரயில்வே பணிமனையும், 1840 முதல் சிம்சனும், 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாகப் பிட்டர்களையும் டர்னர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கி வைத்திருந்தன. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலை நகரிலும் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் வந்து இறங்கியபோது, அரசின் சலுகைகளை மட்டும் பார்த்து அவை வரவில்லை. ஒரு போல்ட்டின் அளவு தவறினால் அடுத்த நாளே சரிசெய்து தரக்கூடிய பட்டறைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் இருந்தன. அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டோடு ஒப்பிட்டுச் சென்னைக்கு இந்தியாவின் டெட்ராய்ட் என்று பெயர் சூட்டியவர்கள் இந்தப் பட்டறைகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே பல ஆண்டுகள் திறப்பதும் அடைப்பதுமாகத் தடுமாறியது. விசைத்தறித் துணியோடு விலையில் போட்டியிட முடியவில்லை. பழைய எந்திரங்கள் மாற்றப்படவில்லை. நகரத்தின் நடுவே கிடந்த அந்த நிலத்தின் மதிப்பு, அதில் நெய்யப்பட்ட துணியின் மதிப்பைத் தாண்டிவிட்டது. ஆலை ஓடிய இடத்தில் சில காலம் திரைப்படங்களின் சண்டைக் காட்சிகளை எடுத்தார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. தாத்தா அதைப் பார்க்கவில்லை. மில் மூடிய மறு ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எஞ்சிய சுமையை வடக்குதான் சுமக்கிறது. கார் ஒரகடத்தில் செய்யப்படுகிறது, மென்பொருள் தரமணியில் எழுதப்படுகிறது; அவற்றுக்கான மின்சாரத்தின் சாம்பலும் எண்ணெயின் கழிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் படிகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுவதும் பரவியபோது, மீனவர்கள் தகரக் குவளைகளால் அதை அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றியதை நான் நேரில் பார்த்தேன். படகுகளின் பக்கப் பலகைகளில் அந்தக் கருங்கோடு மாதக்கணக்கில் அழியவில்லை. தொழில் வேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இந்த ஊரே இருக்கிறது. அதன் வருமானத்தைப் பங்கிட்டபோது மறந்துபோன எங்களை, கழிவைப் பங்கிடும்போது மட்டும் ஏன் நினைவு வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

அத்தையின் பேரன் இப்போது ஒரகடத்தில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். அறை எடுத்து அங்கேயே தங்கி, விடுமுறைக்கு மட்டும் திருவொற்றியூர் வருகிறான். போன மாதம் அவன் வந்திருந்தபோது தாத்தாவின் பித்தளை வில்லையைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். கேட்டில் நீட்ட அவனுக்கும் கழுத்தில் ஓர் அட்டை உண்டு. எத்தனை மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். கம்பெனிப் பேருந்து விடிவதற்கு முன்பே வந்துவிடும், கைப்பேசியில் அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன் என்றான். அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்து, “முதல் சங்கு நேரத்துக்கே கிளம்பணும்னு சொல்லு” என்றார். மில் மூடி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு விடியற்காலைக்கு இன்றும் அதுதான் பெயர்.